எதுக்கும் எதுக்கும் நடுவே பன்னிரண்டு வோல்ட்?

திருப்பூரில் எந்தப் பவர் டேபிள் தையல் யூனிட்டுக்குள் நுழைந்தாலும் ஓவர்லாக் மெஷின்களின் தலையில் குட்டிக் குட்டி விளக்குகள் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். வளையும் கழுத்து, முனையில் சில எல்.இ.டி.கள், ஊசி இறங்கும் இடத்தில் மட்டும் விழும் வெள்ளை வெளிச்சம். மலிவான ரகத்தில் ஒன்றைத் திறந்து பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்காது. இரும்புத் தகடும் இல்லை, செம்புக் கம்பிச் சுருளும் இல்லை. நாலைந்து பொடி உறுப்புகள், அவற்றுக்கு நடுவில் தீப்பெட்டியில் பாதிகூட வராத ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெரும்பாலும் மஞ்சள் நிறம். நெற்றியில் 474 என்று அச்சடித்திருக்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இதற்குப் பெயர் எக்ஸ் டூ கெப்பாசிட்டர். 474 என்பது 47க்குப் பின்னால் நாலு சைபர், பிக்கோஃபாரட் கணக்கில், அதாவது 0.47 மைக்ரோஃபாரட். இந்த ஒரு பெட்டிதான் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டுக்கும் 3 வோல்ட் எல்.இ.டி.க்கும் நடுவே நின்று வேலையைப் பார்க்கிறது. மெஷின் விளக்கில் மட்டுமில்லை. அளவு கூடியும் குறைந்தும் இதன் சொந்தபந்தங்கள் அதே கட்டடத்தில் பல இடங்களில் குடியிருக்கின்றன: வாசலில் ஈ.பி. மீட்டருக்குள், சீலிங் ஃபேன் ரெகுலேட்டருக்குள், ஹாஸ்டல் அறையில் சார்ஜ் ஏறும் கொசு பேட்டுக்குள், கேரண்டி இல்லாமல் விற்கும் எல்.இ.டி. பல்புக்குள்.

கொங்கு நாட்டுக்கு மின்சாரம் வந்த வழி முழுக்க டிரான்ஸ்பார்மர் வழிதான். குலாம் காதரும் சத்தார் சாகிபும் திருப்பூரில் பனியன் தொழிலைத் தொடங்கியது 1925 வாக்கில். 1932இல் பைக்காரா தண்ணீர் நீலகிரியிலிருந்து சிங்காரா பவர்ஹவுஸில் இறங்க ஆரம்பித்தது. கோவை வட்டாரத்து ஆலைகள் பெருகியது அதற்குப் பிறகு. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசியாக வருகிறது. அந்தக் கோபுரங்கள் தங்கள் காட்டுக்குள் நடப்படுவதை எதிர்த்து இந்தப் பக்கத்து விவசாயிகள் 2018இல் போராடியது பலருக்கு நினைவிருக்கும். புகளூரில் ஏசியாக மாறி, 400, 230, 110 என்று கிலோவோல்ட் படிகளில் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு 22 ஆகவோ 11 ஆகவோ வந்து, அங்கிருந்து வீட்டுக்கு 230 வோல்ட். ஏசி ஆனபின் ஒவ்வொரு படியிலும் இரும்பும் செம்பும் எண்ணெயுமாக ஒரு டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கிறது.

கடைசிப் படியில், 230இலிருந்து 12க்கு, அந்த வம்சம் அறுபடுகிறது. முன்பு அங்கேயும் டிரான்ஸ்பார்மர்தான் இருந்தது. டேப் ரெக்கார்டர் காலத்து பேட்டரி எலிமினேட்டரைக் கையில் எடுத்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இரும்பு கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். இரண்டு வாட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த இரும்பு அங்கே இருந்தாக வேண்டும், வெறுமனே செருகியிருந்தாலே வெதுவெதுப்பாக இருக்கும். இன்னொரு வழியும் இருந்தது: ரெசிஸ்டரைப் போட்டு மிச்ச வோல்டேஜை எரித்துத் தள்ளுவது. வால்வு ரேடியோக்களில் அதைச் செய்தார்கள். பழைய பெட்டி ஃபேன் ரெகுலேட்டரும் அதே சாதிதான். ஒன்றாம் நம்பரில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் சுடும். ஃபேனுக்குப் போகாத மின்சாரம் அங்கே வெந்துகொண்டிருக்கும், அதற்கும் ஈ.பி. பில் வரும்.

மஞ்சள் பெட்டி பிறப்பது பாலிப்ரொப்பிலீன் பிலிமிலிருந்து. சில மைக்ரான் தடிமன் மட்டுமே உள்ள அந்தப் பிலிம் சுருளை வெற்றிடத்துக்குள் ஓடவிட்டு, அலுமினியத்தையோ துத்தநாகத்தையோ ஆவியாக்கி மேலே படிய வைக்கிறார்கள். படிகிற உலோகம் மைக்ரானில் நூறில் சில பங்குதான். அப்புறம் பட்டை பட்டையாக அறுத்து, இரண்டு பட்டைகளைச் சற்றே விலக்கிச் சேர்த்துச் சுற்றி, நசுக்கித் தட்டையாக்கி, இரண்டு பக்க ஓரத்திலும் உருகிய துத்தநாகத்தை ஸ்ப்ரே செய்து, கம்பி வைத்துப் பற்றவைத்து, பெட்டிக்குள் இறக்கி எபாக்சி ஊற்றி மூடுகிறார்கள். நொய்டாவின் டெகி போன்ற சில நிறுவனங்கள் இந்தியாவிலேயே பிலிம் கெப்பாசிட்டர் செய்கின்றன. ஆனால் மலிவு விளக்குகளுக்குள் இருப்பது பெரும்பாலும் சீனாவில் சுற்றியது.

உலோகப் பூச்சு அவ்வளவு மெலிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. லைனில் ஒரு ஸ்பைக் வந்து பிலிமில் ஓர் இடத்தில் ஓட்டை போட்டால், அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகம் அந்த நொடியே ஆவியாகிவிடும். ஷார்ட் ஆவதற்குப் பதில் அந்த இடம் மட்டும் கணக்கிலிருந்து கழிந்துபோகும். காயம் தானே ஆறிவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்பு இம்மியளவு குறையும்.

எக்ஸ்2 என்ற பட்டம் எதற்கு என்றால், 2,500 வோல்ட் தாக்குதலைத் தாங்கிக் காட்டியது என்பதற்கு. அந்தப் பட்டம் கொடுக்கப்பட்ட வேலை வேறு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே உட்கார்ந்து, மோட்டார், மிக்சி போன்றவை லைனில் விடும் இரைச்சலை வடிகட்டுவதுதான் இதைப் படைத்தவர்கள் நினைத்த வேலை. அங்கே கொள்ளளவு பத்து சதவீதம் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. உலகம் அதை எடுத்துக் குறுக்கே வைக்காமல் நேரே, தொடரில் வைத்தது. அங்கே கொள்ளளவு குறைந்தால் வெளிச்சமே குறையும். பல உற்பத்தியாளர்கள் தங்கள் தாள்களில் இதைத் தனியாக எச்சரிக்கிறார்கள்; தொடரில் வைப்பதற்கென்றே வேறு கனமான ரகம் செய்கிறார்கள். விளக்கு அசெம்பிள் செய்கிறவர் அந்தத் தாளைப் படிப்பதில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, போட்டுப் பார்த்தால் சுவையானது. கெப்பாசிட்டர் டிசியை விடாது. ஏசியில் ஒவ்வொரு முறை அலை ஏறும்போதும் நிரம்பும், இறங்கும்போது காலியாகும். அந்த நிரம்பலும் வடிதலும்தான் கரண்ட். 0.47 மைக்ரோஃபாரட் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6,770 ஓம் மறிப்பு காட்டும். 230ஐ அந்த மறிப்பால் வகுத்தால் 34 மில்லிஆம்பியர். இதே 34 மில்லிஆம்பியருக்கு ரெசிஸ்டர் போட்டிருந்தால் ஏழு வாட்டுக்கு மேல் சூடாகப் போயிருக்கும், அந்த சின்ன பிளாஸ்டிக் உடம்பே உருகியிருக்கும். கெப்பாசிட்டர் எரிப்பதில்லை. கால் சுற்றில் லைனிடமிருந்து வாங்கியதை அடுத்த கால் சுற்றில் லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஜில்லென்று இருக்கும்.

இது 230ஐ 12 ஆக்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கெப்பாசிட்டருக்கு 12 என்றால் என்னவென்றே தெரியாது. அது கரண்டுக்குப் படியளக்கிறது, அவ்வளவுதான். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாகச் சுமார் 30 மில்லிஆம்பியர் டிசி வெளியே வரும். அதன் எதிரே 12 வோல்ட் செனார் டையோடை வைத்தால் 12 வோல்ட்டில் நிற்கும், பத்து எல்.இ.டி.யை வரிசையாக வைத்தால் 30 வோல்ட்டில் நிற்கும். ஒன்றுமே வைக்காவிட்டால் 325 வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். எல்.இ.டி. ஒன்று அறுந்துபோன விளக்கில் பக்கத்திலிருக்கும் 50 வோல்ட் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வெடித்துக் கிடப்பது இதனால்தான். செனார் வைத்த சர்க்யூட்டில் இன்னொரு வேடிக்கை: சர்க்யூட் தூங்கினாலும் ஓடினாலும் லைனிலிருந்து எடுப்பது ஒரே அளவு. சர்க்யூட் வேண்டாமென்று விட்டதைச் செனார் தின்றுகொள்ளும்.

கூடவே இரண்டு துணைகள் உண்டு. கெப்பாசிட்டருக்கு முன்னால் நூறு ஓம் சுமாருக்கு ஒரு ரெசிஸ்டர். சுவிட்சைப் போடும் அந்தக் கணம் அலையின் உச்சியில் அமைந்துவிட்டால், காலி கெப்பாசிட்டர் வெறும் கம்பிதான். 325 வோல்ட்டும் இந்த நூறு ஓமின் தலையில் விழுந்து மூன்று ஆம்பியர் பாயும். கெப்பாசிட்டரின் முதுகில் ஒரு மெகா ஓம் சுமாருக்கு இன்னொரு ரெசிஸ்டர். பிளக்கைப் பிடுங்கியபின் உள்ளே தங்கிய சார்ஜை இரண்டு நொடிக்குள் வடித்துவிடுவது அதன் வேலை. காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். அது இல்லாத விளக்கைப் பிடுங்கி, பிளக்கின் பின்னைத் தொட்டுப் பாருங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மஞ்சள் பெட்டிக்குக் கிடைத்த மரியாதையான உத்தியோகம் ஈ.பி. மீட்டர். சக்கரம் சுற்றும் பழைய மீட்டர் போய் எலெக்ட்ரானிக் மீட்டர் வந்தபோது, உள்ளிருக்கும் சிப்புக்கு 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ சில மில்லிஆம்பியர் தேவைப்பட்டது. மீட்டர் தன் சொந்தச் செலவுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சர்வதேசத் தரத்தில் வரம்பு இருக்கிறது: வோல்டேஜ் சர்க்யூட்டுக்கு 2 வாட், 10 வோல்ட்‑ஆம்பியர். 0.47 மைக்ரோஃபாரட்டின் கணக்கைப் பாருங்கள்: 230ஐ 34 மில்லிஆம்பியரால் பெருக்கினால் 7.8 வோல்ட்‑ஆம்பியர், வாட் கணக்கில் ஒன்றுகூடத் தேறாது. அளவெடுத்துத் தைத்த சட்டை. அதிலும் மீட்டர் பெட்டி சீல் வைத்தது. யார் கையும் உள்ளே போகாது. அதுதான் இந்தச் சர்க்யூட்டுக்கு உரிய வீடு. மற்ற இடமெல்லாம் வாடகை வீடுதான், அதிலும் சிலது புறம்போக்கு.

திருப்பூர்ப் பக்கம் இது பெருவாரியாக இறங்கியது எல்.இ.டி. விலை விழுந்தபிறகு. மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்காக வாங்கிய எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாயாக இருந்தது. 2016இல் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. அந்த விலைக்கும் கீழே விற்க நினைத்தவர்கள் டிரைவர் போர்டில் கைவைத்தார்கள். பல்பு அசெம்பிள் செய்கிறவர்கள் இந்தக் கெப்பாசிட்டர் சர்க்யூட்டை ஆர்.சி. டிரைவர் என்பார்கள். 72 வோல்ட் சுமாருக்கு எல்.இ.டி. வரிசை, முன்னால் 225 என்று போட்ட 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எட்டு வாட் கிடைத்துவிடும். அட்டையில் 9 என்று அச்சடிப்பார்கள்.

அதே காலகட்டம் இன்வெர்ட்டர்களின் காலமும்கூட. 2008இல் தொடங்கி 2012இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். விலை குறைந்தவை சைன் அலை கொடுப்பதில்லை, சதுர அலை கொடுக்கும். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றும், குண்டு பல்பு கவலைப்படாமல் எரியும். மஞ்சள் பெட்டிக்கு மட்டும் சதுர அலை எமன். கெப்பாசிட்டர் வழியாகப் போகும் கரண்ட், வோல்டேஜ் எவ்வளவு உயரம் என்பதைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பார்க்கிறது. சைன் அலை ஏறி இறங்கும். சதுர அலை தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் சுவிட்ச் போட்ட அந்த முதல் கணம் திரும்ப நடக்கிறது, நொடிக்கு நூறு தடவை. ஒரு வாட் தாங்கும் ரெசிஸ்டரில் பல வாட் சூடு ஏறிக் கருகும். "ஈ.பி.யில நல்லா எரியுதுங்க, கரண்ட் போனா பல்பு போயிருதுங்க" என்று கடையில் புலம்புகிறவர் வீட்டில் இருப்பது எந்த இன்வெர்ட்டர் என்று கேட்காமலே சொல்லிவிடலாம்.

நியூட்ரல் அறுந்தாலும் இதற்குக் கேடுதான். திரீ பேஸ் சர்வீஸில் நியூட்ரல் லூசானால் ஏதாவது ஒரு பேஸில் 230க்குப் பதில் 350, 400 என்று ஏறும். 275க்கு என்று பிறந்த பெட்டி அங்கே தாக்குப்பிடிக்காது. அயர்னிங் பிரிவில் அழிவு மெதுவாக வரும். ஸ்டீம் டேபிளிலிருந்து எழும் ஆவி எபாக்சியின் மயிரிழைச் சந்துகளில் புகுந்து அந்த மெலிந்த உலோகப் பூச்சை அரிக்கும். விளக்கு ஒரேயடியாகப் போகாது. மங்கிக்கொண்டே வரும். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 0.47 என்று பிறந்தது 0.3க்கு வந்திருக்கும்.

மெஷின் விளக்கு மங்குவதைவிட மோசமான ஒன்று, அது படபடப்பது. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் காய்ந்துபோனால் எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மின்னும், கண்ணுக்குத் தெரியாது. ஓவர்லாக் மெஷின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 6,000 தையல் போடும். அதுவும் நொடிக்கு 100. இரண்டும் ஒத்துப்போகும் கணத்தில், ஓடும் ஊசி அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும், அல்லது சாவகாசமாக ஊர்வதுபோல. விரல் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அரை அங்குலத்தில் நடக்கும் கண்கட்டு இது. வெளிச்சம் போதும், விலை மலிவு என்று வாங்குகிறவர்கள் இதை நினைப்பதில்லை. செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். ஓடினால் அந்த விளக்கை மாற்றிவிடுவதே நல்லது.

இனி கைக்கு வருவோம். ரிப்பேர் பெஞ்சுகளில் பழகுகிற பையன்களுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"பன்னெண்டு வோல்ட்டுதானுங்கண்ணா, தொட்டா என்ன ஆகப்போவுது?"

"எதுக்கும் எதுக்கும் நடுவுல பன்னெண்டுங்கிற?"

முழு விஷயமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளைப் பிளஸ்ஸிலும் மைனஸிலும் வைத்தால் 12 காட்டும். பொய்யில்லை. ஒரு முனையை எடுத்து எர்த்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. டிரான்ஸ்பார்மரில் முதல் சுருளுக்கும் இரண்டாம் சுருளுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது. காந்தம் மட்டும்தான் கடந்து வருகிறது. கெப்பாசிட்டர் சர்க்யூட்டில் லைன் நேரே உள்ளே வந்துவிடுகிறது. பிரிட்ஜ் போட்டதானால், பிளக் செருகிய பக்கத்தைப் பொறுத்து, அந்த 12 வோல்ட்டின் பிளஸ், மைனஸ் இரண்டுமே 230இன் மேல் சவாரி செய்துகொண்டிருக்கலாம். அப்போது டெஸ்டரை வைத்தால் எரியும். கெப்பாசிட்டர்தான் கரண்டை 34 மில்லிஆம்பியருக்கு மேல் விடாதே என்று சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் கெப்பாசிட்டர் நியூட்ரல் பக்கம் போய்விடும், பேஸ் பக்கம் தடுக்க ஒன்றுமே இருக்காது. அப்படியே தடுத்தாலும், உயிர்காக்க என்று வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியரிலேயே துண்டித்துவிட வேண்டும் என்பது விதி. 34 அதற்கு மேலே. சீரிஸ் லேம்ப் போர்டில் செருகி வைத்துக்கொண்டு பயமில்லை என்று நினைப்பதும் தப்பு. அது ஷார்ட்டுக்குத்தான் காவல், ஷாக்குக்கு இல்லை. பெஞ்சில் இந்த மாதிரி போர்டைத் தொட்டு வேலை செய்ய ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஒழித்துக்கட்டிய டிரான்ஸ்பார்மரையே திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பெரிய நிட்டிங் மெஷின்கள் இதில் புத்தியோடு இருக்கின்றன. வட்ட மெஷினில் எந்த ஃபீடரில் நூல் அறுந்தாலும் மெஷின் நிற்கும், அந்த ஃபீடரில் சின்ன விளக்கு எரியும். ஆபரேட்டர் வந்து, வியர்வைக் கையோடு, அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே நூலை முடிச்சுப் போடுவார். அங்கே ஓடுவது 24 வோல்ட்டோ 12 வோல்ட்டோ. அது கண்ட்ரோல் பாக்ஸில் இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்தோ முறையாகப் பிரிக்கப்பட்ட சப்ளையிலிருந்தோ வருகிறது. லட்சக்கணக்கில் விலை போகும் மெஷினில் அந்தச் செலவு தெரியாது. சில நூறு ரூபாய் விளக்கில் தெரிகிறது. அதனால் அந்த விளக்கில் பிளாஸ்டிக் உடம்பே இன்சுலேஷன். கீழே விழுந்து விரிசல் விட்ட விளக்கை செல்லோ டேப் சுற்றி மறுபடி மெஷின் தலையில் ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒட்டியிருப்பது இரும்பில், மெஷின் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பது அந்த ஷெட்டின் வயரிங் செய்தவருக்கே வெளிச்சம். கொசு பேட்டைச் சார்ஜில் போட்டபடி பட்டனை அமுக்கிப் பார்க்கும் பிள்ளைகளை அதட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மஞ்சள் பெட்டி இப்போது சில இடங்களைக் காலி செய்துகொண்டிருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் தன் ரீடிங்கை ரேடியோவில் அனுப்ப வேண்டும். அனுப்பும் அந்தக் கணத்தில் அதற்கு வேண்டிய கரண்டை 30 மில்லிஆம்பியர் படியால் அளக்க முடியாது. அங்கே எஸ்.எம்.பி.எஸ். என்ற ஸ்விட்சிங் சப்ளை வந்துவிட்டது. சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் கட்டாயமானபின் ரிமோட் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன்கள் பெருகுகின்றன, அவற்றுக்குச் சுவரில் ரெகுலேட்டரே வேண்டாம், இருந்தால் கழற்றிவிடச் சொல்கிறார்கள். பல்புக்குள் டி.ஓ.பி. என்று எல்.இ.டி. தட்டிலேயே ஐ.சி. வைத்த ரகம் வந்து ஆர்.சி. டிரைவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதிலும் ஐசொலேஷன் கிடையாது என்பது வேறு விஷயம்.

மெஷின் விளக்கிலும் ஜீரோ வாட்ஸ் விளக்கிலும் கொசு பேட்டிலும் இது இன்னும் பல காலம் ஓடும். ஆகவே மங்கிப்போனதைக் கழற்றி மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. கடையில் 474 என்று கேட்டால் இரண்டு விதமாக எடுத்து வைப்பார்கள். ஒன்று வழவழவென்ற சிவப்போ பழுப்போ நிற முட்டை உருவம், 474ஜே 400வி என்று மட்டும் போட்டிருக்கும். அந்த 400 டிசி கணக்கு. ஏசியின் உச்சம் 325 தானே, போதுமே என்று தோன்றும், முதல் நல்ல இடிமழை வரைக்கும் போதும். மற்றது பெட்டி உருவம். எக்ஸ்2 என்றும், 275 அல்லது 310 என்றும், வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைகோடும் இருக்கும். விலை வித்தியாசம் சில ரூபாய். பெட்டியை வாங்குங்கள், முடிந்தால் 310. முதுகில் இருந்த அந்த மெகா ஓம் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறதா என்று பார்த்து, அதையும் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.